மாலகா: கைதிகளை மீட்ட ஊர், மீட்பாரின்றிப் போன ஊர்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

ஐரோப்பாவின் வடபுலங்களில் குடியேறி வாழும் நம் குடும்பங்களுக்கு டிசம்பரும் ஜனவரியும் மனத்தைச் சோர்வுறச் செய்யும் மாதங்கள். மாலை நான்கு மணிக்கு முன்பே மஃரிப் நேரம் வந்துவிடுகிறது. வெயிலைக் காணாமலே வாரங்கள் கழிகின்றன. ஆகவே பள்ளி விடுமுறையில் நான்கைந்து நாட்கள் கிடைத்தால், வெயில் இருக்கும் இடத்தைத் தேடிப் பலரும் தெற்கு நோக்கிப் பறக்கிறார்கள். அவ்வாறு செல்வோர் மிகுதியாக இறங்கும் நகரங்களுள் ஒன்று, ஸ்பெயின் நாட்டின் தென்கரையில் உள்ள மாலகா. (மலேசியாவின் மலாக்காவோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டா.) வடக்கே மலைத்தொடர் அரணாக நின்று குளிர்காற்றைத் தடுக்கிறது, தெற்கே மத்தியதரைக் கடல் விரிந்து கிடக்கிறது. நடுக்குளிர்காலத்திலும் பகல் வெப்பம் 17 பாகையை ஒட்டி இருக்கும். தெருவோரங்களில் ஆரஞ்சு மரங்கள் காய்த்துக் குலுங்குகின்றன.

நாங்களும் குடும்பத்தோடு மூன்று நாட்கள் சென்று வந்தோம். சென்றது வெயிலுக்காகத்தான், அதை மறைப்பதற்கில்லை. ஆயினும் பூமியில் பயணம் செய்து, முன் சென்றோரின் முடிவு என்னவாயிற்று என்று பாருங்கள் என அல்குர்ஆன் பல இடங்களில் நம்மை ஏவுகிறது. உல்லாசப் பயணம் சென்றவருக்கும் அந்த ஏவல் பொருந்தும். மாலகாவில் நாங்கள் பார்த்தவற்றையும், அவற்றின் பின்னே நின்ற வரலாற்றையும் எண்ணிப் பார்த்தபோது, நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று அங்கே இருப்பதாகத் தோன்றியது. அதைப் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

ஒரு மலையடிவாரத்தில் மூன்று நாகரிகங்கள்

மாலகா மிகப் பழைய துறைமுகம். கிறிஸ்துவுக்கு ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகளுக்கு முன் பினீஷியக் கடல் வணிகர்கள் இங்கே குடியேறினர். பின்னர் ரோமர்கள் வந்தார்கள். அவர்கள் கட்டிய அரங்கம் பல நூற்றாண்டுகள் மண்ணுக்குள் மறைந்து கிடந்து, 1951ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. இன்று அந்த அரங்கின் கற்படிகளுக்கு மேலே நிமிர்ந்து பார்த்தால், முஸ்லிம்கள் கட்டிய கோட்டை தெரிகிறது.

கி.பி. 711இல் தாரிக் இப்னு ஸியாத் ஸ்பெயின் கரையில் இறங்கினார். அதன்பின் சில ஆண்டுகளுக்குள் மாலகா முஸ்லிம்களின் ஆட்சிக்குள் வந்தது. 1487 வரை, அதாவது ஏழரை நூற்றாண்டுகளுக்கும் மேலாக, இவ்வூரில் பாங்கோசை ஒலித்தது. கோட்டையின் பெயர் இன்றும் 'அல்கஸாபா'. 'அல்கஸபா' என்ற அரபுச் சொல்லே அது. 11ஆம் நூற்றாண்டில் பெரும்பகுதி கட்டப்பட்ட இக்கோட்டையின் வாயில் ஒன்றில், ரோமர் செதுக்கிய தூண்கள் முஸ்லிம் கொத்தர்களின் குதிரைலாட வளைவுகளைத் தாங்கி நிற்கின்றன. முன்னோர் விட்டுச் சென்ற கல்லை உடைத்தெறியாமல் எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

அதற்கும் மேலே, மலையுச்சியில் 'ஹிப்ரல்ஃபாரோ' கோட்டை உள்ளது. 'ஜபல்' என்ற அரபுச் சொல்லும், கலங்கரை விளக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் இணைந்து பிறந்த பெயர் இது. 14ஆம் நூற்றாண்டில் கிரனாடாவை ஆண்ட நஸ்ரி மன்னர் முதலாம் யூசுஃப் இதனைக் கட்டினார். கீழ்க்கோட்டையையும் மேற்கோட்டையையும் இரு மதில்களுக்கு இடைப்பட்ட ஒரு பாதை இணைக்கிறது.

நகருக்குள் இருக்கும் சந்தையின் பெயர் 'அதாரஸானாஸ்'. 'தாருஸ் ஸினாஆ', அதாவது தொழிலகம் என்னும் அரபுச் சொல்லின் திரிபு. ஒரு காலத்தில் கடல் அதுவரை வந்து மோதியது. அங்கே நஸ்ரிகளின் கப்பல் கட்டும் தளம் இருந்தது. இன்று அங்கே மீனும் ஒலிவக் காயும் வாதுமையும் விற்கிறார்கள். பழைய தளத்தில் எஞ்சியிருப்பது பளிங்கு வாயில் வளைவு ஒன்றுதான். அதன் இரு புறமும் உள்ள கேடயச் சின்னங்களில் நஸ்ரிகளின் முத்திரை வாசகம் செதுக்கப்பட்டிருக்கிறது: 'லா ஃகாலிப இல்லல்லாஹ்', அல்லாஹ்வையன்றி வெற்றியாளன் எவனும் இல்லை. மக்தபில் எழுத்துக்கூட்டி ஓதும் எங்கள் கடைக்குட்டி, அதில் 'அல்லாஹ்' என்ற சொல்லைத் தானே கண்டுபிடித்துக் காட்டியபோது, மீன் வாங்க வந்தவர்கள் எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

இவ்வூர் அறிஞர்களையும் பெற்றெடுத்தது. மருந்து மூலிகை ஆய்வில் இடைக்கால உலகின் தலைசிறந்த அறிஞர்களுள் ஒருவரான இப்னுல் பைதார் மாலகாவில் பிறந்தவர். மூலிகைகளைத் தேடி வட ஆப்பிரிக்கா வழியே கிழக்கு நோக்கி நடந்து, எகிப்து அரசின் மூலிகை அறிஞர்களுக்குத் தலைவராகி, 1248இல் திமிஷ்கில் மறைந்தார். ஏறத்தாழ 1,400 மருந்துப் பொருட்களையும் உணவுப் பொருட்களையும் அவர் தம் நூலில் தொகுத்தார். யூதக் கவிஞரும் மெய்யியலாளருமான இப்னு கபிரோலும் 11ஆம் நூற்றாண்டில் இங்கே பிறந்தவரே. முஸ்லிம்களின் ஆட்சியில் அரபு மொழியில் மெய்யியலும் எபிரேயத்தில் கவிதையும் எழுதிய அவருக்கு, ரோமானிய அரங்கின் அருகே சிலை வைத்திருக்கிறார்கள்.

இப்னு பதூதா கண்ட மாலகா

மதுரையை ஆண்ட சுல்தான் கியாஸுத்தீன் தாம்கானியின் அவையில் இருந்து தமிழ் நிலத்தைப் பற்றி எழுதிய இப்னு பதூதாவை நாம் அறிவோம். அதே பயணி 1350ஆம் ஆண்டளவில் மாலகாவுக்கும் வந்தார். அவர் எழுதி வைத்த செய்தியே எங்கள் பயணத்திற்குப் பொருள் தந்தது.

மேற்கே மர்பெல்லாவிலிருந்து கடலோரப் பாதையில் அவர் வந்துகொண்டிருந்தார். பன்னிரண்டு குதிரை வீரர்கள் அதே வழியில் மாலகாவுக்குப் புறப்பட்டனர். அவர்களோடு சேர்ந்து செல்ல எண்ணினார். ஆனால் அவர்கள் முந்திப் போய்விட்டார்கள். பின்னால் வந்த அவர், வழியில் ஒரு குதிரை செத்துக் கிடப்பதைக் கண்டார். சற்றுத் தொலைவில் மீன் கூடை ஒன்று தரையில் வீசப்பட்டுக் கிடந்தது. ஐயத்தோடு மேலும் சென்றபோது, ஸுஹைல் கோட்டைத் தலைவர் வந்து செய்தி சொன்னார். எதிரிகளின் நான்கு போர்ப்படகுகள் கரையை நெருங்கியிருந்தன; காவற்கோபுரத்தில் காவலன் இல்லாத நேரம் பார்த்துச் சிலர் இறங்கினர். குதிரை வீரருள் ஒருவர் கொல்லப்பட்டார், ஒருவர் தப்பினார், பத்துப் பேர் கைதிகளாகக் கொண்டு செல்லப்பட்டனர். கூடைக்குரிய மீனவரும் கொல்லப்பட்டார். அந்த ஸுஹைல் கோட்டை, இன்று உல்லாச விடுதிகள் நிறைந்த ஃபுயென்ஹிரோலா என்ற கடற்கரை ஊரில் நிற்கிறது.

மறுநாள் இப்னு பதூதா மாலகாவை அடைந்தார். ஊரின் அழகைப் புகழ்ந்தார். அங்காடியில் திராட்சை மலிந்து கிடந்ததையும், மாதுளையின் சுவைக்கு ஈடில்லை என்பதையும், அத்தியும் வாதுமையும் கிழக்கு மேற்கெங்கும் ஏற்றுமதியானதையும், பொன்னிற மெருகுடைய மட்பாண்டங்கள் தொலைதேசங்களுக்குச் சென்றதையும் குறித்து வைத்தார். பெரிய பள்ளிவாசலின் முற்றத்தில் ஆரஞ்சு மரங்கள் நின்றதை வியந்தார்.

அந்தப் பள்ளிவாசலுக்குள் அவர் நுழைந்தபோது கண்ட காட்சிதான் முக்கியமானது. ஊரின் காஸி, மார்க்கச் சட்ட அறிஞர்களோடும் ஊர்ப் பெரியவர்களோடும் அமர்ந்திருந்தார். அவர்கள் பணம் திரட்டிக்கொண்டிருந்தார்கள். எதற்காக? சற்று முன் பிடிபட்டுப்போன அந்தக் கைதிகளை மீட்பதற்காக. தம்மை அவர்களுள் ஒருவனாக ஆக்காமல் காத்த இறைவனுக்கு நன்றி கூறி, நடந்ததை இப்னு பதூதா காஸியிடம் விவரித்தார்.

கடலோர மக்கள் நாள்தோறும் அஞ்சி வாழ்ந்த காலம் அது. இரு தரப்பாரும் கரையில் இறங்கி ஆட்களைப் பிடித்துச் சென்றார்கள். முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களைப் பிடித்துச் சிறையிட்டார்கள். இதை மறைத்து எழுதினால் வரலாறு ஆகாது. ஆனால், பிடிபட்ட செய்தி வந்தவுடன் ஊர் பள்ளிவாசலில் கூடியது. தலைவர் முதலில் அமர்ந்தார். செல்வர்கள் தம் பையை அவிழ்த்தார்கள். 'அது அவர்கள் விதி' என்று எவரும் ஒதுங்கவில்லை. மாலகாவின் கோட்டைகளைக் காட்டிலும் உயர்ந்தது அந்தக் கூட்டம் என்றே நமக்குத் தோன்றுகிறது.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மதுரையில் சுல்தானின் படை பிடித்து வந்த முஸ்லிமல்லாத கைதிகளையும் அவர்தம் பெண்டு பிள்ளைகளையும் கொடுமையாகக் கொன்றதைக் கண்ட இதே இப்னு பதூதா, அதை அருவருப்பான செயல் என்று கண்டித்து எழுதினார். இத்தனைக்கும் சுல்தான் அவருக்கு உறவுமுறை. சுல்தானுடைய மனைவியின் சகோதரியைத்தான் அவர் மணந்திருந்தார். கைதி நம்மவரா பிறரா என்பதும், கொடுமை செய்பவர் உறவினரா அயலாரா என்பதும் நீதியின் அளவுகோலை மாற்றிவிடக் கூடாது.

1487: ஊரே கைதியானபோது

அந்தக் கூட்டம் நடந்து 137 ஆண்டுகள் சென்றன. ஃபெர்டினாண்ட் மன்னரும் இஸபெல்லா அரசியும் கிரனாடா அரசைத் துண்டு துண்டாகக் கைப்பற்றி வந்தார்கள். அவ்வரசின் தலைமைத் துறைமுகம் மாலகா. வட ஆப்பிரிக்காவிலிருந்து உதவி வரும் வாசலும் அதுவே. 1487 மே மாதத் தொடக்கத்தில் முற்றுகை தொடங்கியது. தரையில் பீரங்கிகள், கடலில் கப்பல்கள். ஹிப்ரல்ஃபாரோ கோட்டையில் இருந்த தளபதி ஹமத் அத்தஃரி சரணடைய மறுத்தார். மூன்று மாதங்களுக்கு மேல் நகரம் தாங்கியது. உணவு தீர்ந்தது. குதிரைகளையும் நாய்களையும் உண்ணும் நிலை வந்தது.

உதவி வரவில்லையா? வந்தது. மன்னர் குடும்பத்தைச் சேர்ந்த அஸ்ஸஃகல், முற்றுகையை உடைக்க ஒரு படையை அனுப்பினார். அந்தப் படையை வழிமறித்து முறியடித்தவர்கள் ஃபெர்டினாண்டின் வீரர்கள் அல்லர். அஸ்ஸஃகலின் அண்ணன் மகனும், அரியணைக்காக அவரோடு போட்டியிட்டவருமான அபூ அப்துல்லாஹ்வின் ஆட்கள் அதைச் செய்தார்கள். சிற்றப்பனும் மகனும் கிரனாடாவின் அரியணைக்காக மோதிக்கொண்டிருந்த வேளையில், மாலகாவின் தாய்மார்கள் தம் குழந்தைகளுக்கு இலைதழைகளை வேகவைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகஸ்ட் மாத நடுவில் நகரம் பணிந்தது. அலீ துர்துஷ் என்ற செல்வந்த வணிகர் முன்னின்று பேசித் தமக்கும் சில குடும்பங்களுக்கும் பாதுகாப்புப் பெற்றார். எஞ்சியோருக்கு எந்த உறுதிமொழியும் கிடைக்கவில்லை. நகரத்துச் சிறைகளிலிருந்து சில நூறு கிறிஸ்தவக் கைதிகள் விலங்குகளோடு வெளியே வந்து விடுதலை பெற்றார்கள். அதே நாட்களில் பல்லாயிரம் முஸ்லிம்கள் கைதிகளானார்கள். தலைக்கு முப்பது தோப்லா பொற்காசு என மீட்புத்தொகை விதிக்கப்பட்டது. கைக்குழந்தைக்கும் அதே விலை. சில மாதத் தவணைக்குள் மொத்தத் தொகையும் வந்து சேர வேண்டும். இல்லையேல் அனைவரும் அடிமைகள். மக்கள் தம் நகைகளையும் உடைமைகளையும் முன்பணமாகக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். தொகை சேரவில்லை.

பின்னர் அவர்களைப் பங்கிட்டார்கள். ஒரு பகுதி, ஆப்பிரிக்காவில் இருந்த கிறிஸ்தவக் கைதிகளுக்கு மாற்றாக. ஒரு பகுதி, போரிட்ட தலைவர்களுக்கும் வீரர்களுக்கும். ஒரு பகுதி, போர்ச் செலவை ஈடுகட்ட விற்பனைக்கு. நூறு பேர் போப்பாண்டவருக்குப் பரிசாக அனுப்பப்பட்டார்கள். ஐம்பது இளம்பெண்கள் நேப்பிள்ஸ் அரசிக்கும், முப்பது பேர் போர்ச்சுகல் அரசிக்கும் பரிசானார்கள்.

அந்த நகரில் நானூற்றைம்பது யூதர்களும் இருந்தார்கள், பெரும்பாலோர் பெண்கள். அவர்களை ஸ்பெயினின் பிற பகுதிகளில் வாழ்ந்த யூத சமூகத்தார் தமக்குள் பெருந்தொகை திரட்டி மீட்டுச் சென்றார்கள். அவர்களுமே ஐந்தாண்டுகளில் அந்நாட்டை விட்டு வெளியேற்றப்பட இருந்தவர்கள்தாம். ஆயினும் அன்று தம் மக்களைக் கைவிடவில்லை. மாலகா முஸ்லிம்களுக்கு அவ்வாறு கை கொடுக்க எவரும் இல்லை. ஒரு காலத்தில் பத்துப் பேருக்காகப் பள்ளிவாசலில் கூடிய ஊர், தான் கைதியானபோது மீட்பாரற்று நின்றது. மீட்கக் கூடியவர்கள் தமக்குள் பிளவுபட்டுக் கிடந்தார்கள். 1492 ஜனவரி 2இல் கிரனாடாவும் வீழ்ந்தது. சிற்றப்பனும் மகனும் எந்த அரியணைக்காகப் போரிட்டார்களோ, அது இருவருக்குமே இல்லாமல் போயிற்று.

இன்றைய மாலகாவில்

இப்னு பதூதா கண்ட பள்ளிவாசல் நின்ற இடத்தில் இப்போது பேராலயம் நிற்கிறது. 1528இல் தொடங்கிய அதன் கட்டுமானம் 1782இல் நின்றுபோனது. தெற்குக் கோபுரம் முற்றுப்பெறவேயில்லை. ஆகவே ஊரார் அதனைச் செல்லமாக 'ஒற்றைக் கையாள்' என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். அதன் முன்னே நின்றபோது எங்களுக்குப் பெருமிதமும் வரவில்லை, வெறுப்பும் வரவில்லை. அங்கே இன்று வழிபடுவோர் எவரும் 1487இன் குற்றவாளிகள் அல்லர். 'இது எங்களுடையதாக இருந்தது' என்று பெருமூச்சு விடுவதும் நம் வேலையன்று. அங்கிருந்து நாம் எடுத்துச் செல்ல வேண்டியது அந்தக் காஸியின் செயல்.

ஓவியர் பிக்காசோ பிறந்த சதுக்கத்தைக் காணச் சுற்றுலாப் பயணிகள் திரள்கிறார்கள். அதன் பெயர் 'பிளாஸா தே லா மெர்ஸெத்'. நகரம் வீழ்ந்தபின் அங்கே மடம் அமைத்த மெர்ஸெதாரியத் துறவியரால் வந்த பெயர் அது. அந்தத் துறவியரின் தலையாய பணி என்ன தெரியுமா? முஸ்லிம்களிடம் சிறைப்பட்ட கிறிஸ்தவர்களைப் பொருள் கொடுத்து மீட்பது. 1218இல் பார்சிலோனாவில் அதற்கெனவே தொடங்கப்பட்ட சபை அது. நம் காஸி செய்த அதே பணியை எதிர்த்தரப்பில் ஒரு சபை தன் வாழ்நாள் கடமையாகக் கொண்டிருந்தது. நல்லதை எவரிடம் கண்டாலும் ஒப்புக்கொள்வது நம் மார்க்கம் கற்றுத்தந்த பண்பு.

மாலகாவில் இப்போது மீண்டும் முஸ்லிம்கள் வாழ்கிறார்கள். மொராக்கோ நாட்டினர் மிகுதி. தொழுவதற்குப் புதிய பெரிய பள்ளிவாசலும் உண்டு. பாங்கோசை வெளியே ஒலிப்பதில்லை; உள்ளே ஸஃப்புகள் நிறைகின்றன.

நமக்கு என்ன?

ஸகாத்தைப் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரை அத்தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் எண்ணிச் சொல்கிறது. அடிமைத்தளையில் சிக்கியோரை விடுவிப்பதும், கடனில் மூழ்கியோரைக் கைதூக்கிவிடுவதும், வழிப்போக்கருக்கு உதவுவதும் அவற்றுள் அடங்கும். பசித்தோருக்கு உணவளிப்பது, நோயாளியை நலம் விசாரிப்பது ஆகியவற்றோடு சேர்த்துக் கைதியை விடுவிப்பதையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏவினார்கள். ஏழைக்கும் மிஸ்கீனுக்கும் கொடுக்கும் நாம், மற்ற வகைகளைப் பழங்காலத்துக்குரியவை என்று தாண்டிச் சென்றுவிடுகிறோம்.

அவை பழங்கதைகள் அல்ல. பிணைத்தொகை கட்ட வழியின்றி ஆண்டுக்கணக்கில் விசாரணைக் கைதிகளாகக் கிடப்போர் இருக்கிறார்கள். வாங்கிய சிறு கடனுக்காகச் செங்கற்சூளையிலும் அரிசி ஆலையிலும் குடும்பத்தோடு கொத்தடிமையானோர் இருக்கிறார்கள். முகவரை நம்பி வளைகுடாவுக்குச் சென்று, கடவுச்சீட்டைப் பறிகொடுத்து, ஊர் திரும்ப வழியறியாமல் நிற்கும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். இவர்களைப் பற்றிய செய்தி நம் ஜமாஅத்துக்கு வரும்போது நாம் எப்படி நடந்துகொள்கிறோம்? முத்தவல்லி எந்தக் கட்சி, எந்த அமைப்பு என்ற வழக்கில் காலம் போகிறதா? அல்லது மாலகாவின் காஸியைப் போல அன்றே பள்ளிவாசலில் அமர்கிறோமா? ஓர் ஊர் வாழ்வதும் வீழ்வதும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்பதை 1350உம் 1487உம் நமக்குக் காட்டுகின்றன.

நாங்கள் ஒரு சிறு வழக்கத்தைத் தொடங்கியிருக்கிறோம். விடுமுறைப் பயணத்திற்கென ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை, புறப்படும் முன்பே இத்தகையோருக்காக எடுத்து வைப்பது. பெருந்தொகையன்று, ஆனால் பிள்ளைகள் தம் கையாலேயே எண்ணி வைக்கிறார்கள்.

கடைசி நாள் மாலை அதாரஸானாஸ் சந்தையில் அத்தியும் வாதுமையும் வாங்கிக்கொண்டு துறைமுகத்துக்கு நடந்தோம். எதிர்க்கரையில் உள்ள மெலில்லாவுக்குச் செல்லும் கப்பல் நின்றிருந்தது. மூட்டை முடிச்சுகளோடும் குழந்தைகளோடும் மொராக்கோக் குடும்பங்கள் அதை நோக்கிச் சென்றுகொண்டிருந்தன. இதே நீர்வழியில் எத்தனை பேர் விலங்கிடப்பட்டுச் சென்றிருப்பார்கள்! அச்சமின்றிப் பயணம் செய்து, அச்சமின்றி வீடு திரும்புவது எத்துணைப் பெரிய அருட்கொடை என்று அன்று உணர்ந்தோம். அல்ஹம்துலில்லாஹ்.

யா அல்லாஹ்! சிறைப்பட்டோருக்கு விடுதலையையும், கடன்பட்டோருக்கு வழியையும், பயணத்தில் இருப்போருக்குப் பாதுகாப்பையும் தருவாயாக! எங்கள் உள்ளங்களை ஒன்றிணைப்பாயாக! பிறர் துயரச் செய்தி வந்த அன்றே எழுந்து செயல்படும் மக்களாக எங்களை ஆக்குவாயாக! ஆமீன்.